அரூப ஓவியம்: ஒரு படத்தோடு நிறுத்தாமல் வரிசையாகப் பாருங்கள்

கையில் சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி நோட்டு இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வீணை, வயலின், சீனர்களின் பீப்பா, மலாய்க்காரர்களின் கொம்பாங் ஆகிய வாத்தியங்களோடு இரண்டு ஓவியங்களும் அதில் அச்சாகியிருக்கின்றன. ஒன்று கருவாடு காயவைக்கும் காட்சி. வரைந்தவர் சியோங் சூ பியெங். மற்றொன்றில் கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள். வரைந்தவர் சென் வென் சி. இவற்றைப் பார்த்து யாரும் ‘இது என்ன?’ என்று கேட்பதில்லை. மீன் மீனாகவும் குரங்கு குரங்காகவும் இருக்கின்றன.

ஆனால் இதே இரண்டு பேரும் மீனோ குரங்கோ வேறெந்த உருவமோ இல்லாத படங்களையும் வரைந்தவர்கள். சியோங் சூ பியெங் 1961 முதல் 1963 வரை ஐரோப்பாவில் இருந்தார். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் உருவங்கள் கரைந்துபோய் நிறமும் பரப்பும் மட்டும் மிஞ்சியிருக்கும். இந்த இருவரிடமும் பாடம் கேட்ட கோ பெங் குவான் என்ற இளைஞர், தன் ஓவிய வாழ்க்கை முழுவதையும் அந்த வழிக்கே கொடுத்துவிட்டார்.

குரங்கின் ரோமத்தை நான்கு கோட்டில் கொண்டுவரத் தெரிந்தவர் ஏன் குரங்கையே விட்டுவிட வேண்டும்? இப்படி உருவங்களை விட்டுவிட்ட அரூப ஓவியத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு வரும் நியாயமான கேள்வி இது. சிங்கப்பூரிலேயே வாழ்ந்து வேலை செய்த சில ஓவியர்களை வைத்துப் பதில் தேடிப் பார்க்கலாம்.

முதலில், நம்மில் பலர் இந்தப் படங்களின்முன் நின்று செய்வதைப் பார்ப்போம். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ‘இந்த மூலையில் ஒரு முகம் தெரியுது பாரு’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வோம். படத்துக்குள் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது, கெட்டிக்காரர்களுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை என்ற எண்ணம் அது. உண்மையில் அங்கே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நிறம், கோடு, பரப்பின் சொரசொரப்பு, படத்தின் அளவு என்று எல்லாமே கண்ணுக்கு நேராகத்தான் இருக்கின்றன. ஓவியர் யோசித்ததும் அவற்றைப் பற்றியேதான். இந்தச் சிவப்பை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்? தட்டையான துணியில் அசைவை உண்டாக்க முடியுமா? ஒட்டிய காகிதமும் பூசிய சாயமும் ஒன்றையொன்று எப்படித் தாங்கும்? இப்படி ஏதாவது ஒரு கேள்வி அவர் கையில் இருக்கும்.

அந்தக் கேள்வி என்ன என்பதை ஒற்றைப் படத்திலிருந்து கண்டுபிடிப்பது கடினம். புதிதாகப் பார்க்கிறவர்கள் சீக்கிரமே விலகிப்போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஓர் அறையில் ஒருவருடைய ஒரே படத்தைப் பார்க்கிறோம்; அடுத்த சுவரில் வேறொருவர். அரூப ஓவியரின் யோசனையோ ஒரு படத்தில் தொடங்கி அடுத்த படத்துக்கும், அங்கிருந்து அதற்கடுத்த படத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே கேள்வியைப் பத்து, இருபது படங்களில் விதவிதமாகக் கேட்டுப் பார்ப்பார். ஓவியர்கள் இதை வரிசை என்பார்கள். நான்கைந்து படங்களைச் சேர்த்துப் பார்த்தால், தனியாகப் பார்த்தபோது ஊமையாக நின்ற படம் பேசத் தொடங்கிவிடும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். நெதர்லாந்துக்காரரான பீட் மோன்ட்ரியான் என்றதும் கறுப்புக் கோடுகளும் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கட்டத்தை மட்டும் காட்டினால், ‘ஸ்கேல் வைத்து யாரும் போடலாமே’ என்று தோன்றும். ஆனால் 1908க்கும் 1912க்கும் இடையில் அவர் வரைந்த மரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் சிவந்து எரிவதுபோல் ஒரு மரம். அது மரம் என்பதில் சந்தேகமே இல்லை. அடுத்து சாம்பல் நிறத்தில் ஒரு மரம். கிளைகள் வளைகோடுகளாகிப் பின்னணியோடு கலக்கத் தொடங்கியிருக்கும். அப்புறம் பூத்த ஆப்பிள் மரம். அதில் பூவும் இல்லை, இலையும் இல்லை, வில்போல் வளைந்த கோடுகளின் பின்னல் மட்டும்தான். அதற்குப் பிறகு வளைவுகளும் மெல்ல மறைந்து நேர்க்கோடுகள் வருகின்றன. 1920களின் கட்டங்கள் இந்தப் பயணத்தின் முடிவில் வந்தவை. மரத்தில் எதையெல்லாம் எடுத்துவிட்டாலும் அந்தச் சமநிலை மிஞ்சும் என்று அவர் தேடியிருக்கிறார். வரிசையைப் பார்த்தபிறகு அந்தக் கட்டம் வெறும் கட்டமாகத் தெரியாது.

நம் இசையில் இது நமக்குப் பழக்கமானதுதான். நாதஸ்வரக் கலைஞர் ராஜரத்தினம் பிள்ளை என்றால் தோடி ராகம். எத்தனை கச்சேரிகளில் எத்தனை மணி நேரம் அதே தோடியை வாசித்திருப்பார்! ‘போன தடவையும் தோடிதானே’ என்று யாரும் எழுந்து போகவில்லை. அந்த ஆலாபனையில் ஒரு சொல்கூடக் கிடையாது, அர்த்தம் என்ன என்றும் யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்றுதான் காத்திருந்தார்கள். ஓவியரின் வரிசையையும் அப்படியே அணுகலாம்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே 1938ல் லிம் ஹாக் தாய் நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார். சியோங் சூ பியெங்கும் சென் வென் சியும் அங்கே பாடம் நடத்தியவர்கள். 1950களில் இளைஞர்களிடம் யதார்த்த ஓவியம் வேகம் பிடித்தது. காலனி ஆட்சி முடியும் காலம்; தொழிலாளிகள், மாணவர்கள், வேலைநிறுத்தங்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. சுவா மியா தீ 1959ல் வரைந்த தேசிய மொழி வகுப்பு ஓவியத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வட்ட மேசையைச் சுற்றி இளைஞர்கள் அமர்ந்து மலாய் மொழி கற்கும் காட்சி. அதில் நாடு ஒன்று உருவாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட நேரத்தில் உருவமே இல்லாத படம் யாருக்கு என்று யதார்த்த ஓவியர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. மறுபக்கம், ஹோ ஹோ யிங் முதலான சிலர் யதார்த்தத்தின் காலம் முடிந்துவிட்டது, புதிய ஊருக்குப் புதிய பார்வை வேண்டும் என்று வாதாடி 1964ல் நவீன ஓவியச் சங்கத்தை அமைத்தார்கள். சீன நாளிதழ்களில் காரசாரமாக விவாதம் நடந்தது. இன்று இரண்டு தரப்பின் படங்களும் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் இந்தச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், அரூப ஓவியம் பொழுதுபோக்காக வந்ததல்ல என்பது விளங்கும். விலை கொடுத்து எடுத்த முடிவு அது.

இனி கோ பெங் குவான். பிறந்தது 1937ல், இந்தோனேசியாவின் மேடானில். சிறுவனாக இருந்தபோதே சிங்கப்பூர் வந்துவிட்டார். 1962ல் நியூயார்க் போய் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்ற பள்ளியில் சேர்ந்தார். அமெரிக்க அரூப ஓவியர் ஜாக்சன் போலக் படித்த அதே பள்ளி. அந்தக் காலத்து நியூயார்க்கில் ஓர் இளம் ஓவியர் வந்து இறங்குவது சாதாரண விஷயம் இல்லை. ஆள் உயரத்துக்கும் மேலான கேன்வாஸ்கள், தரையில் விரித்துச் சாயத்தைச் சொட்டவிட்ட படங்கள், இரண்டே நிறங்களில் ஒரு சுவரையே நிரப்பிய படங்கள் என்று அரூப ஓவியத்தின் தலைநகரமாக அந்த ஊர் ஆகியிருந்தது.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் லியோ மான்சோ. கொலாஜில் தேர்ந்தவர். கொலாஜ் என்றால் காகிதம், துணி, அட்டை போன்றவற்றைக் கிழித்தும் வெட்டியும் ஒட்டிப் படமாக்குவது. நம் பிள்ளைகள் பாலர் பள்ளியிலேயே செய்கிற வேலைதான். ஆனால் ஓவியருக்கு இது ஒரு பெரிய கதவைத் திறந்துவிடுகிறது. தூரிகையால் போடும் கோடு ஓவியரின் கையிலிருந்து மட்டுமே வருகிறது. கிழித்த காகிதத்தின் விளிம்போ பாதி கிழித்தவருடையது, மீதி காகிதத்துடையது. நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் கிழியும். சாயத்தை உறிஞ்சும் காகிதமும் உண்டு, மேலேயே நிறுத்திவிடும் காகிதமும் உண்டு. எதை ஒட்டினாலும் அது ஏற்கெனவே வாழ்ந்த வாழ்க்கையையும் கூடவே கொண்டுவருகிறது.

1960களின் பாதி கழிந்ததும் பெங் குவான் ஊர் திரும்பினார். தனி நாடாகியிருந்த சிங்கப்பூர் அப்போது தன்னையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகள் போய் வீவக அடுக்குமாடி வீடுகள் எழும்பின. நியூயார்க்கில் கற்றதை அப்படியே திருப்பிச் செய்யாமல், தன் ஊரின் காகிதங்களையும் துணிகளையும் அவர் கேன்வாஸுக்குள் கொண்டுவந்தார். அவருடைய பல படங்களில் அடுக்கின்மேல் அடுக்காக ஒட்டி, பூசி, மறுபடி உரித்து, அதன்மேல் மறுபடி பூசிய பரப்பைப் பார்க்கலாம். எனக்கு அவற்றைப் பார்க்கும்போது பழைய கடைவீட்டுச் சுவர்கள் நினைவுக்கு வரும். ஒரு சுண்ணாம்பு உரிந்த இடத்தில் அதற்கு முந்தைய சுண்ணாம்பு எட்டிப் பார்க்குமே, அப்படி. அவர் சுவரை வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. காலம் ஒரு பரப்பின்மேல் என்ன செய்யுமோ, அதை அவர் தன் கையால் செய்து பார்க்கிறார்.

1982ல் யூஓபி வங்கி தன் வருடாந்தர ஓவியப் போட்டியைத் தொடங்கியபோது முதல் பரிசு இவருக்குத்தான் போனது. படத்தின் பெயர் ‘தி டியூன்’, அதாவது மணல்மேடு. 1989ல் கலைஞர்களுக்குச் சிங்கப்பூர் வழங்கும் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. 2013ல், எழுபது வயதைத் தாண்டியவர், ராபர்ட்சன் கீயில் உள்ள எஸ்டிபிஐ அச்சுக்கூடத்தில் புதிய படைப்புகளைச் செய்து காட்சிக்கு வைத்தார். அந்தக் கூடம் காகிதம் தயாரிப்பதிலும் அச்சுக்கலையிலும் பெயர்பெற்றது. வாழ்நாளெல்லாம் காகிதத்தை ஒட்டியவர், காகிதம் பிறக்கும் இடத்துக்கே போய்விட்டார்! அவருடைய பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது. அரை நூற்றாண்டு ஆகியும் கேள்வி தீரவில்லை.

இவருக்கு நேர் எதிரான குணம் கொண்டவர் ஆன்டனி பூன். 1945ல் சிங்கப்பூரில் பிறந்தவர். நன்யாங் கழகத்தில் படித்துவிட்டு 1960களின் பிற்பகுதியில் லண்டனுக்குப் போனார். அங்கே அப்போது கண்ணை ஏமாற்றும் ஓவியங்கள் பேசப்பட்டுக்கொண்டிருந்தன. ஆங்கில ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1960களின் முதல் பாதியிலேயே கறுப்பு வெள்ளைக் கோடுகளை மட்டும் வைத்து, சுவரே நெளிவதுபோல் ஒரு பிரமையை உண்டாக்கியிருந்தார். பெங் குவானிடம் கிழிசலும் சொரசொரப்பும் என்றால், பூனிடம் எல்லாமே துல்லியம். ஒரு விளிம்புகூடப் பிசிறியிருக்காது.

பூன் முதலில் காற்றாடி வரிசை என்ற ஒன்றைச் செய்தார். வழக்கமான செவ்வகக் கேன்வாஸை விட்டுவிட்டு, படத்தின் வெளிவிளிம்பையே வேறு வடிவத்துக்கு மாற்றினார். அப்புறம் 1976ல் அலை வரிசை தொடங்கியது. 2006ல் அவர் காலமாகும்வரை, முப்பது ஆண்டுகள், அலை அவரை விடவேயில்லை.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு கேள்வி எப்படிப் படம் படமாக நகர்கிறது என்பது இதில் கண்கூடாகத் தெரியும். தொடக்கத்து அலைப் படங்களில் கேன்வாஸ் தட்டையானது. அதன்மேல் இணையான பட்டைகள் வளைந்து வளைந்து ஓடும். ஒவ்வொரு பட்டையிலும் நிறம் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் படிப்படியாக மாறும். அவ்வளவுதான் செய்திருக்கிறார். ஆனால் பார்க்கிற நமக்கு அந்தப் பரப்பு மேடும் பள்ளமுமாக எழும்பி விழுவதுபோல் இருக்கும். காரணம் நம் கண்ணின் பழக்கம். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று மூளை தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் மேலே வெளுத்துக் கீழே கறுத்தால் மேடு, மாறியிருந்தால் பள்ளம் என்று முடிவு செய்துவிடுகிறது. பூன் அந்தப் பழக்கத்தையே தன் கருவியாக்கிக்கொண்டார்.

இங்கே சாயத்தின் குணத்தையும் சொல்ல வேண்டும். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். அதற்குள் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். பூன் பயன்படுத்திய அக்ரிலிக் நீரில் கரைவது, சீக்கிரம் காய்ந்துவிடும், ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றைச் சுத்தமாகப் போடலாம். கத்தியால் வெட்டியதுபோன்ற விளிம்புகளும் ஒரே சீரான பட்டைகளும் அப்படித்தான் கிடைக்கின்றன. இத்தகைய அக்ரிலிக் வண்ணங்கள் கடைகளுக்கு வந்ததே 1950களில்தான். ஓவியரின் எண்ணம் மட்டும் ஓவியத்தை மாற்றுவதில்லை, டப்பாவில் இருப்பதும் மாற்றும்.

சில ஆண்டுகளில் பூன் அடுத்த படி எடுத்து வைத்தார். நிறத்தால் அலைபோல் காட்டுவதற்குப் பதிலாகக் கேன்வாஸையே அலையாக்கினால் என்ன? வளைத்த அலுமினியப் பட்டைகளின்மேல் துணியை இழுத்துக் கட்டினார். இப்போது மேடு நிஜமான மேடு, நிழல் நிஜமான நிழல். முன்பு சாயம் செய்த வேலையை அறையின் விளக்கே செய்யத் தொடங்கியது. நீங்கள் இரண்டடி நகர்ந்தால் நிழலும் நகரும். பிறகு அலை சுவரையும் விட்டு இறங்கி உலோகச் சிற்பமாகப் பொது இடங்களில் நின்றது. முதலில் பொய் அலை, அப்புறம் சுவரில் மெய் அலை, கடைசியில் நாம் சுற்றி நடக்கக்கூடிய அலை. பூனின் ஒரே ஒரு படத்தை எங்காவது பார்த்தவர் ‘அழகான டிசைன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். முழு வரிசையையும் அறிந்தவருக்கு அது ஒரு மனிதர் முப்பது ஆண்டுகள் விடாமல் பிடித்த பிடி. 1990ல் அவருக்கும் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது.

அடுத்த தலைமுறையில் இரண்டு பெயர்களையாவது தெரிந்துகொள்ளுங்கள். 1963ல் பிறந்த ஜேன் லீ சாயத்தையே ஒரு பொருளாக எடுத்துக்கொண்டவர். கேக்கின்மேல் கிரீம் பிழிவார்களே, அந்த மாதிரிக் கருவியால் கெட்டியான சாயத்தை இழை இழையாகப் பிழிந்து அடுக்குவார். ஓவியத்துக்குக் கேன்வாஸ் எதற்கு, சட்டம் எதற்கு, சுவர்தான் எதற்கு என்பது அவர் கேள்வி. 2008ல் நடந்த சிங்கப்பூர் பியனாலே என்ற கலைக் கண்காட்சியில் அவருடைய பெரிய படைப்பு பலரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. 1967ல் பிறந்த இயன் வூ இசையிலிருந்து வருகிறவர். மனோதர்மமாக வாசிக்கும் ஜாஸ் கலைஞர்போல, முன்கூட்டித் திட்டம் போடாமல் ஒரு கோட்டுக்கு அடுத்த கோடு பதில் சொல்லட்டும் என்று வளர்த்துக்கொண்டு போவார். லசால் கலைக்கல்லூரியில் நெடுநாள் ஆசிரியராகவும் இருந்துவருகிறார். இந்தத் துறையில் பலருக்கும் கற்பித்தலும் சேர்ந்ததுதான் பிழைப்பு. ஓவியம் படிக்க ஆசைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதைப் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இப்போது எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்விக்கு வருகிறேன்: ‘இதை என் பிள்ளைகூட வரைவானே?’ இதைக் கோபப்படாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். 2011ல் அமெரிக்காவில் ஆஞ்சலினா ஹாலி டோலன், எலன் வின்னர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பெயர்பெற்ற அரூப ஓவியர்களின் படங்களையும், அவற்றைப்போலவே தோன்றும் சிறுவர்களின் படங்களையும் விலங்குகள் தீட்டியவற்றையும் ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். ஓவியம் படிக்காதவர்கள்கூட, குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால் கிடைப்பதைவிட அதிகமான தடவை ஓவியரின் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தவறுகளும் நிறைய நடந்தன. ஆனாலும், ஒன்றில் யோசனை இருப்பதை நம் கண் ஓரளவு உணர்ந்துகொள்கிறது.

என்னுடைய பதில் இன்னும் எளிது. ஒரு படத்தைப் பிள்ளை வரைந்துவிடலாம். சில சமயம் பிரமாதமாகவே வரைந்துவிடும். அதே கேள்வியை எடுத்துக்கொண்டு இருபதாவது படம் பத்தொன்பதாவதைவிட ஓரடி முன்னே போகும்படி வரைய முடியுமா என்பதுதான் விஷயம். பூனின் அலை மூன்று கட்டங்கள் நகர்ந்ததைப் பார்த்தோமே, அது தற்செயலாக நடக்கக்கூடியது இல்லை.

அதேபோல, அரூபம் என்பதற்காக எல்லாவற்றையும் மெச்ச வேண்டியதில்லை. சோபா நிறத்துக்குப் பொருத்தமாகத் தங்கப் பூச்சும் சாம்பல் தீற்றலுமாக ஹோட்டல் முகப்புகளிலும் கொண்டோ காட்சி வீடுகளிலும் மாட்டியிருக்கும் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் எந்தக் கேள்வியும் கிடையாது. சுவரை நிரப்புவது அவற்றின் வேலை, அதை ஒழுங்காகச் செய்கின்றன. எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டால், அதை வரைந்தவரின் மற்ற படங்களைத் தேடிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்து எதுவும் நகராமல் நின்றால் அது உற்பத்தி. ஆண்டுக்கு ஆண்டு சம்பந்தமே இல்லாமல் எகிறிக் குதித்தால் அவர் இன்னும் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கலைக்கூடத்தில் நிற்கும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பக்கத்தில் இருக்கும் விவரப் பலகையை முதலில் படிப்பதில்லை. முதலில் தூரத்தில் நின்று முழுப் படத்தையும் பார்ப்பேன். கண் எங்கே போய் நிற்கிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது என்று கவனிப்பேன். அப்புறம் காவலர் அனுமதிக்கும் தூரம்வரை கிட்டே போய் விளிம்புகளைப் பார்ப்பேன். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடம்தான் ஓவியரின் கையெழுத்து. வெட்டியதுபோல் நிற்கிறதா, ஒன்றுக்குள் ஒன்று கசிகிறதா, அடியில் இருந்த பழைய நிறத்தைக் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறாரா? பக்கவாட்டில் நின்று பார்த்தால் சாயத்தின் தடிப்பும் தெரியும். கைப்பேசித் திரையில் இவற்றில் எதுவும் கிடைக்காது. ஆளைவிடப் பெரிய படமும் உள்ளங்கையளவு படமும் அங்கே ஒன்றேதான்.

அதற்குப் பிறகுதான் பலகைக்கு வருவேன். அதில் பெயரைவிட ஆண்டும் பொருள்களும்தான் எனக்கு முக்கியம். ஆண்டு தெரிந்தால் அந்த ஓவியரின் வரிசையில் இது எந்த இடம் என்று வீட்டுக்குப் போய்த் தேடலாம். தலைப்பு சில சமயம் உதவும், சில சமயம் குழப்பும். ‘மணல்மேடு’ என்று படித்த உடனேயே மணலைத் தேடத் தொடங்கிவிடுவோம், படம் நழுவிவிடும்.

தேசியக் கலைக்கூடம் 2015ல் பழைய உச்ச நீதிமன்றத்திலும் நகர மண்டபத்திலும் திறக்கப்பட்டது. சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களில் கட்டணம் இல்லை. ஒரே நாளில் எல்லா அறைகளையும் பார்த்துவிடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஓர் ஓவியரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய படங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு அவற்றை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கலைக்கூடம்வரை போக நேரமில்லை என்றால் வடகிழக்கு ரயில் பாதை இருக்கிறது. 2003ல் அது திறக்கப்பட்டபோதே நிலையத்துக்கு நிலையம் ஓவியர்களை அழைத்து வேலை செய்ய வைத்தார்கள். அப்போது ஒரு கோடியில் இருந்தது பொங்கோல். அங்கே இருப்பது கோ பெங் குவானின் படைப்பு. மறுகோடியில் ஹார்பர்ஃபிரண்ட், அங்கே இயன் வூ. தோபி காட் நிலையத்தில் யூகோஸ்லாவியாவில் பிறந்து சிங்கப்பூர்க்காரராகிவிட்ட மிலென்கோ பெர்வாச்கி. ஃபேரர் பார்க்கில் போ சியூ வா, அந்தப் பகுதியின் பழைய குதிரைப் பந்தயத்தையும் விளையாட்டையும் பாதி உருவம் பாதி வேகமாக வரைந்திருக்கிறார். உருவம் முழுவதும் மறையாத அந்தப் படங்கள் தொடங்குவதற்கு நல்ல இடம். பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கும் நிலையம் என்பதால் நம்மில் பலர் அவற்றைப் பல தடவை கடந்தும் போயிருப்போம்.

அதற்கு அடுத்த நிலையமான லிட்டில் இந்தியாவில் எஸ். சந்திரசேகரனின் வேலை இருக்கிறது. 1988ல் கோ ஈ சூ, சாலே ஜாபார் என்ற இரு நண்பர்களோடு சேர்ந்து திரிமூர்த்தி கண்காட்சியை நடத்தியவர் அவர். இந்திய, சீன, மலாய்ப் பின்னணி கொண்ட மூன்று இளைஞர்கள் தத்தம் மரபிலிருந்தே புதிய கலையைத் தேடியது அந்தக் கண்காட்சியின் சிறப்பு. தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது அவசரம் இல்லாத ஒரு நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த நிலையத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இது என்ன என்று அவர்களிடம் கேட்க வேண்டாம். எந்தக் கோட்டை முதலில் போட்டிருப்பார், அடுத்து எதைப் போட்டிருப்பார் என்று கேளுங்கள். அப்படியே ரயிலேறி ஃபேரர் பார்க்கில் இறங்கி அதே கேள்வியைக் கேட்டால், இரண்டு ஓவியர்களின் கைகள் எப்படி வேறுபடுகின்றன என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.